அப்பா கேட்டுக்கொண்டே இருந்த இலை

1

போன ஞாயிற்றுக்கிழமை அல்லிநகரத்துக்காரர் ஒருவர் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். புதிதாக வந்து இறங்கியவர்கள். இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்த நெசவாலை ஊரில் தேனிப் பக்கத்து ஆட்களைப் பார்ப்பதே அபூர்வம். எனக்குச் சொந்த ஊர் போடி. அதனால் சோறும் கறியும் ஆக்கிக் கூப்பிட்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்துப் பின்பக்கத் தோட்டத்தைக் காட்டினேன். தோட்டம் என்று சொல்வது அதிகம். நான்கு கட்டில் போடுகிற இடம். அதில் முழங்கால் உயரத்துக்கு ஐந்து செடிகள். இந்த ஊரில் இவற்றை 'ட்வார்ஃப் கானிஃபர்' என்பார்கள். கொடைக்கானல் மலையில் நெட்டையாக நிற்கிற பைன் மரத்தின் சாதிதான். ஆனால் குள்ளமாகவே இருந்து கிழடாகிற வகை.

அந்தப் பெண் குனிந்து ஒன்றைத் தொட்டாள். "அக்கா, இது நம்ம ஊர்ச் சவுக்கு மாதிரியே இருக்கே" என்று ஒரு இணுக்கைக் கிள்ளி, முகர்ந்து, பல்லில் வைக்கப் போனாள்.

நான் அவள் கையில் அடித்துவிட்டேன். ஓங்கி அடித்தேன். இணுக்கு கீழே விழுந்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

அது வெறும் ஜூனிபர். கடித்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அன்று அவளிடம் காரணம் சொல்ல முடியவில்லை. "பூச்சி மருந்து அடிச்சிருக்கேன்மா" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். இந்தத் தோட்டத்தைப் பற்றி நான் சொன்ன பொய்களில் அது எத்தனையாவது என்று எனக்கே தெரியாது.

2

நர்ஸ் வேலைக்காக அறுபதுகளின் நடுவில் இங்கே வந்தேன். முதல் குளிர்காலத்தில் என்னைப் பயமுறுத்தியது குளிர் அல்ல, மொட்டை மரங்கள். அக்டோபரில் எல்லா மரமும் இலையைக் கொட்டிவிட்டு எலும்பாக நின்றது. கணவாய்க் காற்றும் இரண்டு பருவமழையும் போடியை எப்போதும் பச்சையாக வைத்திருக்கும். அங்கே வளர்ந்த எனக்கு ஊரே செத்துவிட்டது போலத் தோன்றியது.

சொந்த வீடு வாங்கியதும், குளிரிலும் பச்சை போகாத செடி வேண்டுமென்று நாற்றுப்பண்ணையில் கேட்டேன். அவர்கள் காட்டியவைதான் இவை. வருடத்துக்கு ஒரு விரல் அளவுகூட வளராது. நீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் களிமண்ணைக் கிளறி, சரளைக்கல் கலந்து நட்டேன். பனி விழுந்த காலைகளில் வேலைக்குக் கிளம்பும் முன் துடைப்பத்தால் தட்டிவிடுவேன். இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் நடுவில் பிளந்துவிடும். ஊதாப்பச்சையில் ஒரு ஜூனிபர், பொன்னிறத்தில் ஒரு சைப்ரஸ், கோழி அடைகாக்கும் கூடு போல ஒரு ஸ்ப்ரூஸ் என்று ஐந்து சேர்ந்தன.

ஆறாவது செடி ஆஸ்பத்திரி நடத்திய தரும விற்பனையில் கிடைத்தது. பிஸ்கட் டின்னில் இருந்தது, பெயர்ச்சீட்டு இல்லை. கரும்பச்சையில் தட்டையான மெல்லிய இலைகள், தொட்டால் குத்தாது. வெயில் படாத இடத்திலும் வளரும் என்று விற்றவள் சொன்னாள். சமையலறைச் சுவரோரம் வைத்தேன். மற்ற ஐந்தையும்விட அது செழித்தது. அதன் பெயரை நான் யாரிடமும் கேட்கவில்லை.

3

எழுபதுகளின் நடுவில் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "மூணு மாசம் இருந்துட்டுப் போங்க" என்று நான்தான் வற்புறுத்தினேன்.

போடி கடைவீதியில் அப்பாவுக்கு நாட்டு மருந்துக் கடை. ஞானமுத்து கடை என்றால் மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறவர்களுக்குக்கூடத் தெரியும். சுவர் முழுக்கச் சிறு சிறு இழுப்பறைகள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாலும் கேட்ட சரக்கு அப்பா கையில் வரும். எங்களுக்காகச் சுக்கு, திப்பிலி, அதிமதுரம், இடித்த பொடிகள் என்று ஒரு தகரப்பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். விமான நிலையத்தில் அதிகாரி ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தான். பொடி என்றால் என்ன, எதற்கு, யாருக்கு என்று கேட்டான். அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் "குட் மெடிசின், சார்" மட்டும்தான். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு காலிப் பெட்டியைக் கொடுத்தார்கள்.

வந்த முதல் ஒரு மாதம் அப்பா அந்தக் காலிப் பெட்டி மாதிரிதான் இருந்தார். நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம். என் மகள் ரூத்துக்கு அப்போது எட்டு வயது. தமிழ் காதில் விழுந்தால் பாதி புரியும், வாயில் வராது. தாத்தாவும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு நாள் நான் வீட்டுக்குள் நுழையும்போதே தோட்டத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"ஏத்தா, இங்கன வா! இது என்னன்னு தெரியுதா ஒனக்கு?"

"செடிப்பா. பேரு தெரியாது."

"தாளிசபத்திரித்தா! நாப்பது வருசமாச் சருகாத்தான் பாத்திருக்கேன். வடக்க இருந்து சாக்குல வரும். எந்த மரத்துலேருந்து பறிக்காகன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஒஞ் சமையக்கட்டுச் சுவத்துல நிக்குது பாரு!"

இருமலுக்கும் இளைப்புக்கும் கொடுக்கிற இலை தாளிசபத்திரி. கடையில் எத்தனையோ முறை நானே நிறுத்துக் கொடுத்திருக்கிறேன். அதே தட்டை ஊசி, மேலே கருமை, அடியில் வெளிறல். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்பா ஒரு இணுக்கை மென்று துப்பினார். "கசப்பு கூடத்தான் இருக்கு. பச்சையில்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்றார். வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ரூத்துக்குச் சளி. அந்த இலையில் கஷாயம் வைத்துத் தருகிறேன் என்று அப்பா அடுப்பைப் பற்றவைத்தார். "இங்க டாக்டர் குடுத்த சிரப் இருக்குப்பா. அதெல்லாம் வேண்டாம்" என்று அடுப்பை அணைத்தேன். அப்பா மாடிக்குப் போய்விட்டார். நர்ஸ் வேலை பார்க்கிறோம் என்ற திமிரில் செய்தது. என் மகள் உயிரோடு இருப்பது அந்தத் திமிரால்தான்.

4

ஆகஸ்டு கடைசியில் அப்பா அந்தச் செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்து, இலைகளைச் செய்தித்தாளில் பரப்பி மாடியறையில் உலர்த்தினார். ஊருக்குக் கொண்டுபோகப் போகிறாராம்.

"சூசை வாத்தியாருக்குத்தான் மொதல்ல. பாவம், மலைக்காத்து எறங்குனாப் போதும், மனுசன் மூச்சு விடத் தவிக்காரு."

சூசை வாத்தியார் அப்பாவின் சிநேகிதர். மிஷன் பள்ளியில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்றபின் தினமும் நாலு மணிக்குக் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, பேப்பரை உரக்கப் படிப்பார். அவர் கத்தோலிக்கர், நாங்கள் சீர்திருத்தச் சபை. இருவரும் அதைச் சொல்லியே சண்டை போட்டு, அதைச் சொல்லியே சிரிப்பார்கள்.

அந்த நாட்களில் ஒரு மாலை அப்பா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஒம் பிள்ள என்ன சொல்லுது தெரியுமா? நான் எல ஒடிக்கையில ஓடி வந்து கையைப் பிடிக்கிது. 'நோ தாத்தா, இட்ஸ் யூ, இட்ஸ் யூ'ங்குது. யூன்னா நீதானத்தா? 'தொடாத, அது நீதான்'னா என்ன அர்த்தம்?"

நானும் சிரித்தேன். ஏதோ பள்ளிக்கூட விளையாட்டு என்று நினைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரூத்தைக் கூப்பிட்டு என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை அப்பா கிளம்பினார். இந்த முறை தகரப்பெட்டி நிறைந்திருந்தது.

5

அவர் போய்ப் பதினைந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டு மிஸஸ் பிராட்லி, மகள் வீட்டில் கோடை முழுவதும் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தவர், "உன் யூவை யார் இப்படி மொட்டையடித்தது?" என்று கேட்டார்.

"எது?"

"அதோ, சுவரோரம். அந்தச் செடிக்கு யூ என்று பெயர். வெட்டிய தழையை எங்கே போட்டாய்? பத்திரம். என் மாமாவின் பண்ணையில் இரண்டு பசுக்கள் இதைத் தின்று, நின்ற இடத்திலேயே விழுந்து செத்தன. காய்ந்தாலும் விஷம் போகாது."

உள்ளே போய் ரூத்தைப் பிடித்து உலுக்கினேன். அவள் பயந்துபோய் அழுதாள். பள்ளிக்குப் பக்கத்து சர்ச்சில் அந்த மரம் நிற்கிறதாம். பழத்தைத் தொடாதே, இலையைத் தொடாதே என்று டீச்சர் சொல்லியிருக்கிறாளாம். "நான் தாத்தாவிடம் சொன்னேன் அம்மா. அவர் சிரித்தார்" என்றாள் இங்கிலீஷில்.

தபாலாபீசுக்கு ஓடினேன். தந்தித் தாளில், 'என் தோட்டத்து இலையை யாருக்கும் கொடுக்க வேண்டாம், விஷம், கடிதம் வருகிறது' என்று இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். குமாஸ்தா எழுத்துக்களை எண்ணிக்கொண்டே வந்தவன் 'விஷம்' என்ற இடத்தில் நின்றான். என்னைப் பார்த்தான். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மேலதிகாரி வந்தார். யாருக்கு இது, என்ன இலை, உங்கள் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். பதற்றத்தில் என் இங்கிலீஷ் எல்லாம் குழறியது. "என் அப்பா மருந்து விற்பவர், அவர் இந்த விஷத்தை விற்கப் போகிறார்" என்று சொல்லிவிட்டேன். அது இன்னும் கெடுத்தது. வீட்டுக்குப் போய் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டியபின்தான் தந்தி போனது. ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

மறுநாள் சனிக்கிழமை காலை அப்பாவின் கடிதம் வந்தது. பதினோரு நாளைக்கு முன் எழுதியது. சுகமாக வந்து சேர்ந்ததும், பம்பாயில் அதிகாரி இலையை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டதும் எழுதியிருந்தார். 'இலையை இன்னும் சில நாள் நிழலில் வைத்து, வறுத்து, இடித்துச் சலிக்க வேண்டும். இந்த ஞாயிறு அல்ல, அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வாத்தியாருக்கு முதல் வேளை கொடுப்பதாக இருக்கிறேன்.'

அடுத்த ஞாயிறு என்பது நாளைக்கு.

டிரங்க் கால் பதிவு செய்தேன். எங்கள் கடையில் போன் கிடையாது. இரண்டு கடை தள்ளி ஏலக்காய் மண்டியில் இருந்தது. நான்கு மணி நேரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் மணி அடித்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மண்டிக்காரரின் குரல்.

"ஆரு? ஞானமுத்து அண்ணாச்சி மகளா? அப்பா கடையில இல்லையே ஆத்தா. வாத்தியார் வீட்டுக்குல்ல போயிருக்காக."

"அண்ணாச்சி, தந்தி வந்துச்சா? அப்பாகிட்டச் சொல்லுங்க, அந்த எலையக் குடுக்க வேண்டாம்னு—"

"என்னது? கேக்கல ஆத்தா. எல்லாரும் அங்கனதான் இருக்..."

அறுந்துவிட்டது. மறுபடியும் பதிவு செய்தேன். லைன் கிடைக்கவில்லை. 'எல்லாரும் அங்கனதான் இருக்காக' என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்தேன். தெரிந்துதான் இருந்தது. தந்தியில் சொன்ன கடிதத்தை எழுதாமல், தெரியாதது போல ஒன்பது நாள் வேலைக்குப் போய் வந்தேன்.

6

என் தம்பி செல்லத்துரையின் கடிதம் வந்தது. அவன்தான் அப்பாவோடு கடையைப் பார்த்துக்கொள்கிறவன்.

'அக்காவுக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாத்தியாருக்கு இளைப்பு அதிகமாகிவிட்டது. ஞாயிறு வரை ஏன் காக்க வேண்டும் என்று அப்பா பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்தனுப்பினார்கள். சனிக்கிழமை விடியுமுன் வாத்தியார் காலமாகிவிட்டார். டாக்டர் இருதயம் நின்றுவிட்டது என்று சொன்னார். உன் தந்தி மத்தியானம் வந்தது. அப்பா வாத்தியார் வீட்டுக் கேதத்தில் இருந்தார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். மிச்சப் பொடியையும் இலையையும் கொட்டக்குடி ஆற்றுக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்ததாக அப்பாவிடம் சொன்னேன். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அப்பாவுக்கு விஷயம் தெரிந்தால் தாங்க மாட்டார்கள். நீயும் எழுதாதே. கர்த்தர் மேல் ஆணை.'

வாத்தியாருக்கு முப்பது வருட இளைப்பு நோய். அன்றைக்கே போக வேண்டிய உயிராகவும் இருந்திருக்கலாம். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இனி யாராலும் சொல்லவும் முடியாது. இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன்.

நானும் கணவரும் அந்தச் செடியை வேரோடு பிடுங்கினோம். குப்பைத் தொட்டியில் போட்டால் ஏதாவது நாய் வாய் வைக்குமோ என்று பயம். சாக்கில் கட்டி, மேலே 'விஷம்' என்று எழுதி, நகராட்சிக் குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவன், விஷம் என்றால் வேறு அலுவலகம், வேறு படிவம் என்றான். எழுதியதை அழித்துவிட்டு அவன் கையில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டான்.

அன்று ரூத் என்னிடம் கேட்டாள்: "அம்மா, பாய்சனுக்குத் தமிழில் என்ன?"

"விஷம்."

"விஷம், விஷம்" என்று சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்குப் போகும்போதும், தலை வாரிவிடும்போதும் சில நாள் அதையே முணுமுணுத்தாள். அப்புறம் தமிழையே விட்டுவிட்டாள். நான் தமிழில் பேசினால் அறையை விட்டுப் போய்விடுவாள். இங்கே வளர்கிற பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் என்று மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

7

பிறகுதான் அப்பாவின் கடிதங்கள் ஆரம்பித்தன. மாதம் ஒன்று. கடையில் நடந்தது, மழை, சபைச் செய்தி, ஏலக்காய் விலை எல்லாம் எழுதிவிட்டு, முடிவில் ஒரு வரி: 'உன் தோட்டத்து இலை கொஞ்சம் பார்சலில் அனுப்பு.'

முதல் தடவை, செடிக்குப் பூச்சி விழுந்துவிட்டது என்று எழுதினேன். அடுத்த மாதம் மறுபடியும் கேட்டார். துளிர்க்கட்டும், பார்க்கலாம் என்றேன். குளிர்காலத்தில், பனி விழுந்து செடி பட்டுப்போய்விட்டது என்று எழுதினேன். 'வேறு எங்காவது கிடைக்குமே, விசாரித்துப் பார்' என்று பதில் வந்தது. கஸ்டம்ஸில் இலை தழை அனுப்பத் தடை வந்துவிட்டது என்று எழுதினேன். 'தெரிந்த அதிகாரி யாரும் இல்லையா?' என்று கேட்டார்.

உறையைப் பிரித்ததும் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன். இருக்கும். அவர் வேறு எங்கிருந்தாவது அந்த இலையை வரவழைத்துவிடுவாரோ என்ற பயத்தில் தம்பிக்குத் தனியாக எழுதி எச்சரிப்பேன். இப்படியே ஆறு வருடம்.

8

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மட்டும் ஊருக்குப் போனேன். ரூத் வரமாட்டேன் என்றுவிட்டாள். மதுரையிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, தேனி வந்து போடி சேரும்வரை அப்பாவிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். தம்பி போட்ட ஆணை வேறு இருந்தது.

அப்பா மெலிந்திருந்தார். கண்ணில் புரை. கடையைத் தம்பிதான் முழுக்கப் பார்த்தான். மூன்றாம் நாள் மத்தியானம் தம்பி சரக்கெடுக்கத் தேனிக்குப் போயிருந்தான். கடையில் அப்பாவும் நானும் மட்டும். வாத்தியார் உட்காரும் ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"எல கொண்டாந்தியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. நாந்தான் எழுதுனேனே, செடி..."

"பனி அடிச்சிருச்சு. எழுதுன." கல்லாவின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "வாத்தியார் போன மறுநா, கோயில் விட்டு வாறேன். தந்தி கொண்டாற பெரியசாமி வழியில நிப்பாட்டுனான். 'என்ன அண்ணாச்சி, மகளுட்ட இருந்து விசம்னு ஏதோ வந்திருக்கே, ஒங்க மகன் வாங்குனாரே'ன்னான்."

"எல்லாந் தெரியுமாப்பா?"

"அன்னைக்கே தெரியும். எட்டாம் நாள் வாத்தியாரம்மாட்டப் போயிச் சொன்னேன். நான் குடுத்த மருந்துதான்னு சொன்னேன். அவுக அழுகல. ஏசல. 'குடுத்தது நீங்க, வாயில ஊத்துனது நான். இனிமே நம்ம ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துக்கிற வேண்டாம்'னாக. கதவச் சாத்திட்டாக. அதோட சரி."

"பெறகு எதுக்குப்பா மாசாமாசம் அந்த எலையக் கேட்டீக?"

அப்பா எனக்கு நேராக முகத்தைத் திருப்பினார். அந்தக் கண்ணுக்கு நான் எவ்வளவு தெரிந்தேனோ தெரியாது.

"ஒரு தடவயாச்சும் 'அப்பா, அது விசம்'னு நீ எழுதுவன்னு பாத்தேன் ஆத்தா. நீ எழுதிட்டா நானும் எழுதலாம்னு இருந்தேன். பூச்சின்ன, பனின்ன, ஆபீசர் விடமாட்டான்ன. ஆறு வருசமா இத ஒருத்தர்ட்டச் சொல்லி அழ எனக்கு ஆளில்லாமப் போச்சு."

நான் ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பெண் மிளகு வாங்க வந்தாள். அப்பா எழுந்து, இழுப்பறையைத் தடவித் திறந்து, நிறுத்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"செல்லத்துரைட்டச் சொல்லிறாத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவன் தாங்கமாட்டான். எனக்காகத்தான மறைச்சான்."

நான் சொல்லவில்லை. சாயங்காலம் தம்பி தேனியிலிருந்து வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா எதும் கேட்டாகளாக்கா?" என்றான். "இல்லடா" என்றேன். அவன் பெருமூச்சு விட்டான். அந்த நிம்மதியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். தந்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். தம்பி அடக்கத்தைப் பற்றி விவரமாக எழுதினான். கடைசியில், 'நல்லவேளை, அப்பாவுக்கு அந்த விஷயம் தெரியாமலே போனது' என்று எழுதியிருந்தான்.

அந்த வரிக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அவனோ, மாதம் ஒரு கடிதம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி இருவரும் எழுதிக்கொள்கிறோம். இதை நான் எழுதி அனுப்புகிற இந்தப் பத்திரிகை போடியில் எங்கள் கடைக்கு வருகிறது என்பது எனக்குத் தெரியும். மத்தியானம் ஆள் குறைந்த நேரத்தில், கல்லாவில் உட்கார்ந்து செல்லத்துரை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பான். படிக்கட்டும்.

தம்பி, அப்பாவுக்குத் தெரியும்.